வரைபடத்தில் இல்லாத இரண்டாம் மாடி

கேள்வி: நானும் என் கணவரும் சிட்லப்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீட்டை வாங்கப் பேசி முடித்து, ஒரு லட்ச ரூபாய் டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் 30-க்கு 40 அடி மனை. தெருவின் அகலம் 24 அடி. 2004-இல் பேரூராட்சி அனுமதித்த வரைபடத்தில் தரைத்தளமும் முதல் தளமும் சேர்த்து 1,380 சதுர அடி இருக்கிறது. ஆனால் 2013-இல் இரண்டாம் தளத்தில் 510 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரையோடு ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதற்கு ஏறப் பக்கத்துச் சந்தில் இரும்புப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் விட்டிருந்த ஐந்தடியில் ரோலிங் ஷட்டர் போட்டு 55 சதுர அடியில் ஒரு கடையும் இருக்கிறது. விலை 1 கோடியே 30 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் 1,380 சதுர அடியை மட்டும் எடுத்துக்கொண்டு 1 கோடியே 6 லட்சம் என்று மதிப்பிட்டுவிட்டார். "மூன்று தளத்துக்கும் சொத்து வரி கட்டுகிறேன், மூன்று மீட்டர் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறார் உரிமையாளர். மீறிக் கட்டியதைக் கட்டணம் பெற்றுக்கொண்டு அரசு ஏற்கும் வரன்முறைத் திட்டம் எப்படியும் வரும், மாடிக்கான தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் பத்திர விலை வங்கியின் மதிப்போடு ஒத்துப்போய்விடும் என்கிறார் தரகர். எங்களுக்கு அந்தப் படிக்கட்டுதான் பயமாக இருக்கிறது. கடையில் மாதம் 5,000 ரூபாய் வாடகை வருவதால் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறோம். வாங்கலாமா, விட்டுவிடலாமா?

— ஓர் ஆசிரியை, குரோம்பேட்டை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கட்டுமானப் பொறியாளராகவும் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பிடுபவராகவும் பல ஆண்டுகளாக டேப்பும் வரைபடமுமாக இத்தகைய வீடுகளுக்குள் ஏறி இறங்கியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பயம் இடம் மாறி நிற்கிறது. நீங்கள் அஞ்சும் படிக்கட்டு ஒருவேளை விதிக்குள்ளேயே அடங்கிவிடலாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் நினைக்கும் கடைக்கு எந்த வழியிலும் அனுமதி கிடைக்கப்போவதில்லை. இரண்டாம் தளம் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. அதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த வேலை கிரயத்துக்கு முன்பே, இப்போதைய உரிமையாளரின் கையாலேயே நடந்தாக வேண்டும். எனவே இந்த வீட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இன்று நிற்கிற நிலையில், கேட்கிற விலைக்கு வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

உரிமையாளர் காட்டும் வரி ரசீதிலிருந்தே தொடங்குவோம். சொத்து வரி போட வருகிற அலுவலர் கட்டடம் எத்தனை சதுர அடி, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்று பார்த்து வரியைக் கணக்கிடுகிறார். அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. அனுமதியில்லாத கட்டடமும் பயன்பாட்டில் இருக்கும்வரை வரிக்கு உட்பட்டதுதான். மின் இணைப்பும் அப்படியே, ஒரு காலத்தில் கேட்ட ஆவணங்களைக் கொடுத்து மீட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சார்பதிவாளர் அலுவலகமும் நாளை இரண்டாம் தளத்தின் மதிப்பையும் சேர்த்து, 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உங்களிடம் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கிக்கொண்டதாலேயே அந்தத் தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. இல்லாத உரிமைக்கும் சேர்த்து அரசுக்குப் பணம் கட்டுகிற விசித்திரம் இங்கே தினமும் நடக்கிறது.

அடுத்து, 2004-ஆம் ஆண்டு வரைபடத்துக்கு வருகிறேன். அன்று சிட்லப்பாக்கம் தனிப் பேரூராட்சி. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதோடு இணைந்தது. பழைய கோப்புகளும் அதோடு கைமாறின. ஆகையால் உங்களுக்குக் காட்டப்பட்ட ஜெராக்ஸ் பிரதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அனுமதி எண், தேதி, அலுவலக முத்திரை, நிபந்தனைகள் எழுதிய கடிதம் ஆகியவற்றோடு சான்றிட்ட நகல் ஒன்றை மாநகராட்சியிலிருந்து வாங்கித் தருமாறு உரிமையாளரையே கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் அவர் விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, நகலெடுக்கும்போது வேறொரு தாளை வைத்து முதல் தளத்தையும் சேர்த்துக் காட்டிய ஒரு வீட்டை நான் மதிப்பிட நேர்ந்தது. முத்திரையின் வட்டம் பாதியில் அறுபட்டிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கட்டி முடித்த வீடு அனுமதித்தபடி இருக்கிறது என்று தரப்படும் நிறைவுச் சான்றிதழ் இல்லையே என்று மட்டும் கவலைப்படாதீர்கள்; 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே, 12 மீட்டர் உயரத்துக்கும் மூன்று குடியிருப்புகளுக்கும் மிகாத சிறு வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தன. 2004-இல் கட்டிய இரண்டு தள வீட்டில் அந்தத் தாள் இல்லாதது ஒரு குறையாகாது.

நகல் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறடி டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் கணவரோடு அந்த வீட்டுக்குப் போங்கள். பொறியாளரையும் அழைத்துச் செல்லலாம், ஆனால் உங்கள் கையால் ஒருமுறை அளந்து பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தில் டேப்பின் நுனியை வைத்து, கட்டடத்தின் மிக வெளியே நிற்கிற சுவர்வரை நாலு பக்கமும் அளந்து, வரைபடத்தில் எழுதியிருக்கிற எண்ணுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காம்பவுண்டுச் சுவரே மனையின் எல்லையில் நிற்கிறதா என்பதைப் பத்திரத்தில் உள்ள நான்கு பக்க அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தெருப் பக்கம் முக்கால் அடி வெளியே தள்ளிக் கட்டிய சுவரிலிருந்து அளந்தால் மற்ற கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். பின்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். துணி துவைக்க என்று தகரம் போட்டு மூடிய இடம், பிறகு ஒரு கழிவறை, பிறகு அதன்மேல் ஒரு பரண் என்று வளர்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். நீங்கள் எழுதியவை மூன்று மீறல்கள். டேப் நாலாவது ஒன்றைக் காட்டினாலும் நான் வியப்படையமாட்டேன்.

கடையை எடுத்துக்கொள்வோம். வீட்டின் முன்னால் விடுகிற செட்பேக், தெருவின் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், தீ விபத்து நேர்ந்தால் ஆள் உள்ளே போக வரவும், மழைநீர் இறங்கவும் விடப்பட்ட இடம். அதைச் சுவரும் கூரையுமாக மூடிவிட்டால் பின்னர் எந்த அலுவலரும் அதற்கு அனுமதி தர முடியாது, தர மனம் இருந்தாலும் விதியில் வழி இல்லை. அதைவிட முக்கியமானது, அந்தக் கடை அங்கே நிற்கும்வரை மற்ற பாகங்களுக்காகக் கொடுக்கிற திருத்திய வரைபடமும் திரும்பி வரும் என்பது. மாதம் 5,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 60,000. அந்த வருமானத்தைக் காட்டித்தான் விற்பவர் விலையை ஏற்றியிருக்கிறார். ஆனால் அந்த 55 சதுர அடியால் தடைபட்டு நிற்பது 510 சதுர அடி. மேலும் கடைக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கிய பிறகு அவரை வெளியேற்ற வேண்டுமானால் வாடகைச் சட்டத்தின்படி நடக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும். இன்றைய உரிமையாளருக்கு அவர் பழக்கப்பட்டவர். பேசி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவது அவருக்கு எளிது. கடை காலியாகி, ஷட்டர் கழற்றப்பட்டு, சுவர் இடிக்கப்பட்டு, மண் அள்ளிய பிறகே கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இடிக்கும்போது தரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியோ செப்டிக் டேங்கின் மூடியோ அதன் அடியில் புதைந்திருக்க வாய்ப்புண்டு.

இனிப் படிக்கட்டு. வரைபடத்தில் அந்தப் பக்கச் சந்து ஐந்தடி என்றும், படிக்கட்டின் அகலம் மூன்றடி என்றும் வைத்துக்கொண்டால் சுவருக்கும் படிக்கும் நடுவே இரண்டடி மிஞ்சும். சுவர் எழுப்பாத, திறந்த படிக்கட்டைச் செட்பேக்கில் வைக்க நம் விதிகள் இடம் தந்திருக்கின்றன; பக்கத்து எல்லையிலிருந்து அரை மீட்டருக்குள்ளும், முன் எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளும் அது வரக்கூடாது என்பதே நிபந்தனை. அரை மீட்டர் என்பது ஏறத்தாழ ஓர் அடி எட்டு அங்குலம். ஆகவே உங்கள் டேப்பில் இரண்டடி வந்தால் பெரும்பாலும் தப்பித்தது; ஓர் அடி ஐந்து அங்குலம் வந்தால், இரும்புப் படிக்கட்டுதானே, ஒரு வெல்டரை அழைத்து அகலத்தைக் குறைத்தோ இடம் மாற்றியோ வைத்துவிடலாம். அந்தப் படிக்கட்டின் அடியைத் தகரம் வைத்து மூடி ஸ்டோர் ரூமாக்கியிருந்தால் மட்டும் அதைப் பிரித்தாக வேண்டும், ஏனென்றால் அதோடு அது திறந்த படிக்கட்டு என்ற பெயரை இழந்துவிடுகிறது.

இரண்டாம் தளத்தின் கதை சுவையானது. 2013-இல் அது கட்டப்பட்டபோது இங்கே சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. 1.5, அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 1,800 சதுர அடிதான் கட்டலாம். 1,380-உம் 510-உம் சேர்த்தால் 1,890. அன்றைக்கு 90 சதுர அடி மிகை. 2019 விதிகள் அதை 2 ஆக உயர்த்திவிட்டதால் இன்று அதே மனையில் 2,400 சதுர அடிவரை இடமுண்டு. கட்டிய அன்று மிகையாக இருந்தது, இன்று அளவுக்குள் வந்துவிட்டது. ஆனால் பரப்பளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. கட்டடத்தின் உயரம் கூடும்போது பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியின் அளவும் மாறக்கூடும். மூன்றாவதாக ஒரு குடியிருப்பு சேரும்போது வண்டி நிறுத்தும் இடத்தையும் காட்ட வேண்டியிருக்கும். தெருவின் அகலமும் பார்க்கப்படும். உங்கள் பகுதியில் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் இன்று நிற்கிற வீட்டை அப்படியே அளந்து வரையச் சொல்லி, கடையை நீக்கியும் படிக்கட்டைச் சரிசெய்தும் பார்த்தால் இந்த வீடு இன்றைய விதிக்குள் அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அடங்கினால், உரிமையாளர் பெயரில் ஒற்றைச் சாளர இணைய வழியில் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கட்டிவிட்டு வந்து கேட்பதால் கட்டணம் கூடக்கூடும்; அந்தச் செலவு விற்பவருடையது. அடங்காவிட்டால், அந்த 510 சதுர அடியின் விலை பூஜ்யம் என்றுகூடச் சொல்லமாட்டேன். இடித்து அள்ளுகிற செலவைக் கழித்துப் பூஜ்யத்துக்கும் கீழே வைப்பேன்.

தரகர் சொல்லும் வரன்முறைத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் சென்னையில் இந்த ஒரு நம்பிக்கையை வைத்து விற்கப்பட்ட வீடுகள் ஏராளம். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டப்பட்டவற்றைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அரசு முதலில் வழி செய்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது, ஆனால் ஒரே ஒரு முறை தருகிற சலுகை என்ற அளவில்தான். அதன்பின் கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோன திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது. பின்னர் 2012-இல் சேர்க்கப்பட்ட 113-இ பிரிவு 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டி முடித்த கட்டடங்களுக்கு மட்டுமானது. உங்கள் மாடி கட்டப்பட்டது 2013. ஆக, ஏற்கெனவே வந்த எந்தத் திட்டத்தின் நிழலும் அதன்மேல் விழவில்லை. இனி வரப்போகிற ஒன்றை நம்பிப் பல லட்சம் கொடுக்கச் சொல்கிறார் தரகர். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அவர் படித்திருக்கமாட்டார். பல ஆண்டு கடந்துவிட்டது, அதிகாரிகள் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டார்கள், நிறையச் செலவழித்துவிட்டோம் என்பதெல்லாம் அனுமதியில்லாத கட்டடத்தைக் காப்பாற்றக் காரணமாகா என்று அதில் தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. வங்கிகள் நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்தது. சிறு வீடுகளுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படாத நம் மாநிலத்தில், அதற்கு ஈடாக எந்த ஆவணத்தை ஏற்பது என்பதில் வங்கிக்கு வங்கி நடைமுறை வேறுபடுகிறது. ஆனால் வரைபடத்தில் இல்லாத தளத்தை மதிப்பில் சேர்க்காதே என்பதில் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். எனவே உங்கள் வீட்டை மதிப்பிட்டவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் 1,380 என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்னொரு சொல்லும் உங்கள் காதில் விழக்கூடும். வரைபடம் விதிக்குள் இருக்கிறது என்று விண்ணப்பிப்பவரே உறுதி கூறும் சுயசான்று முறையில் உடனே அனுமதி வாங்கிவிடலாம் என்பார்கள். 2024 ஜூலையில் தொடங்கிய அந்த முறை, 2,500 சதுர அடிவரையான மனையில் 3,500 சதுர அடிவரை புதிதாக வீடு கட்டப்போகிறவர்களுக்காக வந்தது. ஏற்கெனவே எழுந்து நிற்கிற மாடிக்கு அது மருந்தாகாது.

காகிதம் சரியாகிவிட்டால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். எனக்கு உண்மையான கவலை தரைத்தளத்துத் தூண்களைப் பற்றித்தான். 2004-இல் இரண்டு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தின்மேல் 2013-இல் மூன்றாவது ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். 510 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் காங்கிரீட் கூரை என்றால் அந்தக் கூரை மட்டுமே ஏறத்தாழ 15 டன். சுவர், பூச்சு, டைல்ஸ், அதன்மேல் வைத்திருக்கிற தண்ணீர்த் தொட்டி எல்லாம் தனி. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் சுவரின் தடிமனுக்குள் மறைந்துவிட வேண்டும் என்பதற்காகவே ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலத் தூண் போடுவது மேஸ்திரிகளின் வழக்கம். சென்னை 2002-இலேயே நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு மாற்றப்பட்டுவிட்டது. நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி, 2016-இல் திருத்தப்பட்ட வடிவத்தில், தூணின் பக்கம் 300 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் அடிக்குக் குறையக்கூடாது என்கிறது. பழைய வீடுகளை அந்த அளவுகோலால் அளந்து தள்ளிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒன்பது அங்குலத் தூணில் ஒரு தளம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அதை வாங்குவது சரியில்லை.

அவர் வரும்வரை நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். தரைத்தளத்து ஜன்னல்களின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புகிற விரிசல், கதவு நிலையின் மேற்புறம் கதவை உரசுவது, உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் கோடு, அந்தக் கோட்டின் ஓரத்தில் துருவின் பழுப்புக் கறை ஆகியவற்றைத் தேடுங்கள். புதிதாகப் பட்டி பார்த்து வண்ணம் அடித்திருக்கிற சுவரைக் கண்டால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு பொறியாளர் ரீபவுண்டு ஹேமர் கொண்டு காங்கிரீட்டின் உறுதியைச் சோதிப்பார், கம்பி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதைக் கருவி வைத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஒரு மூலையில் பள்ளம் தோண்டி அஸ்திவாரத்தின் அகலத்தையும் அளப்பார். பூந்தொட்டி உடையும் என்றோ தரை கெடும் என்றோ சொல்லி அந்தப் பள்ளத்துக்கு உரிமையாளர் மறுத்தால், அந்த மறுப்பையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக் கணக்கு இதற்குப் பிறகுதான். வங்கி மதிப்புக்கும் கேட்கும் விலைக்கும் வித்தியாசம் 24 லட்சம். அனுமதியில்லாத பரப்பு 510-உம் 55-உம் சேர்ந்து 565 சதுர அடி. ஆக அதற்குச் சதுர அடிக்கு 4,200 ரூபாய்க்கும் மேல் கொடுக்கச் சொல்கிறார்கள். இன்றைக்குப் புதிதாக, முறையான அனுமதியோடு ஒரு நல்ல வீடு கட்டவே அவ்வளவு ஆகாது. கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் சொத்து மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. 1 கோடியே 6 லட்சத்தில் அது 79 லட்சத்து 50 ஆயிரம். 1 கோடியே 30 லட்சம் கொடுப்பதானால் கைக்காசாக 50 லட்சத்துக்கு மேல் வேண்டும், பதிவுச் செலவு தனி. அந்தக் கைக்காசில் 24 லட்சத்தை ரொக்கமாகத் தரச் சொல்வது மிகத் தவறான யோசனை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; ரொக்கத்தைப் பெறுகிற விற்பவர் மேல் அதே அளவு அபராதம் விழலாம். அது அவர் கவலை என்று நினைக்காதீர்கள். பத்திரத்தில் ஏறாத 24 லட்சத்துக்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. நாளைக்கு மாடியை இடிக்கச் சொன்னால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. என்றாவது நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை 1 கோடியே 6 லட்சம் என்றே கணக்கிட்டு மூலதன ஆதாய வரி போடுவார்கள்.

சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்றும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குகிறவர் சாதாரண எச்சரிக்கையோடு பார்த்தால் தெரிந்துகொள்ள முடியாத குறைகளைத்தான் விற்பவர் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும் என்கிறது. மாடி உங்கள் கண் முன்னே நிற்கிறது, வரைபடம் கையில் இருக்கிறது, வங்கி மதிப்பீட்டாளர் எழுதியும் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல இடமே இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வரும்போதும் அது அப்போதைய உரிமையாளரின், அதாவது உங்கள், பெயருக்குத்தான் வரும், கட்டியவரைத் தேடிப் போகாது.

அந்த நோட்டீஸ் எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். அலுவலர்கள் தெருத்தெருவாகப் போய் அளந்து கண்டுபிடிப்பது அரிது. என் அனுபவத்தில் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து போகிற ஒரு புகார்தான் கோப்பைத் திறக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறியது. ஐந்து ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, ஏ.சி. இயந்திரத்தின் சுடுகாற்று ஜன்னலில் அடிக்கிறது என்று தொடங்கிய ஒரு சின்னச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் மனு எழுதிப் போட்டார். பழைய உரிமையாளரிடம் அவருக்கிருந்த நட்பு இவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். மேடையும் சிங்க்கும் டைல்ஸுமாக அந்தச் சமையலறையில் மூன்றரை அடியைத் தங்கள் செலவிலேயே உடைத்தார்கள். எனவே படிக்கட்டு இருக்கிற பக்கத்து வீட்டுக்கு ஒரு மாலை நேரத்தில் போய், இந்த வீட்டை வாங்க யோசிக்கிறோம் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் படியில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள் படுக்கையறை ஜன்னலைத் தாண்டித்தானே போகிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். ஏற்கெனவே புகாரோ நோட்டீஸோ உண்டா என்பதை உரிமையாளர் எழுத்தில் உறுதி கூற வேண்டும் என்றும் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, கொடுத்த ஒரு லட்சத்துக்கு உங்களிடம் ரசீது இருக்கிறதா, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. வெறும் ரசீதாக இருந்தால், முறையான கிரய ஒப்பந்தம் ஒன்றை வழக்கறிஞரைக் கொண்டு எழுதுங்கள். தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்தாக வேண்டும். விற்பவர் தம் செலவில் கடையைக் காலிசெய்து இடிக்க வேண்டும். படிக்கட்டை விதிக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டாம் தளத்தையும் சேர்த்துத் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி பெற்றுத் தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அனுமதி வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும். கிரயத்துக்கு முந்தைய மீறலுக்காகப் பின்னால் வருகிற அபராதத்துக்கும் இடிப்புச் செலவுக்கும் அவரே பொறுப்பு. இவை அத்தனையும் அதில் வரவேண்டும். கடைசியாகச் சொன்ன பொறுப்பு வாசகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றவற்றை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். வீட்டை விற்றுவிட்டு மகனோடு வெளிநாட்டில் போய் இருக்கிற ஒருவரிடம் அந்த வாசகத்தைக் காட்டிப் பணம் வாங்குவது எவ்வளவு கடினம் என்று உங்கள் வழக்கறிஞரே சொல்வார்.

இத்தனைக்கும் அவர் ஒப்புக்கொண்டு, தூண்களின் சோதனையும் சரியாக வந்து, புதிய வரைபடத்தில் 1,890 சதுர அடி என்று மாநகராட்சி முத்திரை விழுந்துவிட்டால், வங்கியை மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். அப்போது வருகிற எண்ணிலிருந்து விலை பேசலாம். அவர் எதையும் செய்யமாட்டேன், இருக்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றால், 1 கோடியே 6 லட்சத்திலிருந்து மாடியையும் கடையையும் இடித்து அள்ளும் செலவைக் கழித்த தொகையைச் சொல்லுங்கள். இடிப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக இருக்கும். அதற்கும் அவர் இசையாவிட்டால் ஒரு லட்சத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது முழுதாகத் திரும்பி வராமல் போனாலும் இந்த வீட்டை இன்றைய நிலையில் வாங்குவதைவிட அது சிறிய நஷ்டமே.